கறுப்படித்த பதினொரு பெயர்கள்

பெண்களிடம் தவறாக நடந்துகொண்ட பஞ்சாலை மேலாளர்மீது வந்த புகாரின் நகலை, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டிருந்தான் நிருபர் தனசீலன். புகார் கொடுத்தவர்களின் பதினொரு பெயர்களையும் தொழிலாளர் அலுவலக எழுத்தர் இன்பவல்லி கறுப்பு மார்க்கரால் அழுத்தி அடித்து மறைத்தாள். கறுப்படித்த தாளை ஜெராக்ஸ் எடுத்து, அதைத்தான் வெளியே கொடுக்க வேண்டும். அன்றைக்குப் பார்த்து மெஷின் படுத்துவிட்டது.

"பேரு எனக்கு எதுக்குக்கா? எத்தனை பேருன்னு தெரிஞ்சா போதும். அப்படியே குடுங்க" என்றான், நகல் வாங்க வந்திருந்த தனசீலன்.

எட்டு வருஷப் பழக்கம். கொடுத்துவிட்டாள். வாசலில் நின்று அவன் தாளை முகத்துக்கு மேலே தூக்கிப் பிடித்ததை ஜன்னல் வழியே பார்த்தாள். பாவம், வெயிலுக்கு மறைக்கிறான் என்று நினைத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் பதினொரு பெயர்களும் ஊரோடு வந்திருந்தன. அவனுக்குப் போன் போட்டாள்.

"வெயில்ல புடிச்சா எல்லாமே தெரியுதுக்கா. மக்களுக்கும் தெரியணும்ல?" என்றான். போனை முதலில் வைத்ததும் அவன்தான்.

திங்கட்கிழமை அலுவலகம் திறந்ததும் ஒரு பெண் வந்தாள். பட்டியலில் ஒன்பதாவது பெயர். சண்டை போடவில்லை, அழவுமில்லை. நாலாக மடித்த பேப்பரை மேஜைமேல் விரித்து, தன் பெயர் இருந்த இடத்தில் விரலை வைத்தாள்.

"இதுலயும் கொஞ்சம் கறுப்படிச்சுக் குடுங்கம்மா."