ஒரு பயணத்துக்கு ஒரு மாற்றம்

ஒவ்வொரு பயணத்துக்கும் முன்பு விண்ணோடத்தில் ஒரே ஒரு மாற்றம்தான் செய்வார்கள்; கூடுதலாகத் தொட்டால் எதனால் கெட்டது என்று தெரியாமல் போகுமாம். இந்த முறை, கதவை உள்ளிருந்தே பூட்டவும் திறக்கவும் ஒரு கைப்பிடி. போன சோதனைப் பயணத்தில், தரையிறங்கியபின் ஆள் வந்து வெளியிலிருந்து கதவைத் திறப்பதற்குள் புகையில் மூச்சடைத்துச் செத்துப்போன பைலட் பிரிட்டோவின் மனைவி ஜெனோவாவைத்தான் திறப்பு விழாவுக்கு அழைத்திருந்தார்கள்.

“அண்ணன் ரொம்ப நாளாக் கேட்டதுதான் மதினி,” என்றார் பொறியாளர் சிவநேசன், பெருமையாக.

“போன தடவ எத மாத்துனீங்க?”

“ஜன்னல. பயணிகளுக்குக் கடல் நல்லாத் தெரியணும்னு…”

ஜெனோவா தனக்குப் போர்த்திய பொன்னாடையை உருவி அவர் கையில் திணித்தாள். உள்ளே போய்ப் புருஷனின் இருக்கையில் உட்கார்ந்து, கதவை இழுத்துச் சாத்திப் பூட்டினாள்.

வெளியே பதறிப்போய்த் தட்டினார்கள். சிவநேசன் குரல் உடைந்து கெஞ்சும்வரை தட்டவிட்டாள். பிறகு ஒரு விரலால் கைப்பிடியைத் தள்ளினாள். கதவு திறந்துகொண்டது.

“கை வலிக்குதா தம்பி?” என்றாள். “அவரு எம்புட்டு நேரம் தட்டுனாரு?”