பொம்பா ரோபோ

“மூணு வயசுப் பிள்ளைங்களுக்குனு பெட்டியிலேயே போட்டிருக்கு. உனக்கு ஆறு வயசு. இதுகூட வரலையா?”

சந்திரகலா போட்ட சத்தம் பக்கத்து வீடுவரை கேட்டிருக்கும்.

ஷாமினி கையிலிருந்த சிவப்பு ரோபோவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். காலை மடக்கி, மார்பை ஓர் அமுக்கு அமுக்கினால் போதும், அது பொம்பா வண்டியாகிவிடும். டிங் டிங்கென்று மணி அடித்துக்கொண்டு தீயணைக்கப் போகும். டிவியில் சாயந்திரம் வருகிற கார்ட்டூனில் அவன்தான் பெரிய ஆள். பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் பால் பல் விழாத பிள்ளைகள் எல்லார் கையிலும் அவன் இருந்தான்.

“தெரியலம்மா,” என்றவள் நேரே தாத்தாவிடம் போய் நின்றாள். “அப்பப்பா, மாத்தித் தாங்க.”

விநாயகமூர்த்தி ரயில்வேயில் பெரிய கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். ஸ்ட்ரோக் வந்ததில் வலது கை விழுந்துவிட்டது. பழக்காமல் விட்டால் கை அப்படியே இறுகிப்போகும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். பிடித்துப் பழக ஆஸ்பத்திரியில் கொடுத்த ரப்பர் பந்தை, மனிதர் அன்றைக்கே சன்னல் வழியாக வீசிவிட்டார்.

“நான் என்ன நாய்க்குட்டியே, பந்து விளையாட?”

மலாயாவிலேயே பிறந்தும் யாழ்ப்பாணத்துப் பேச்சு அவரை விட்டுப் போகவில்லை. வீம்பும்தான்.

அப்படிப்பட்டவர் பேத்தி கேட்டால் மட்டும் மறுப்பதில்லை. வியர்க்க வியர்க்க, நடுங்கும் விரல்களால் அந்த ரோபோவோடு மல்லுக்கட்டுவார். வலது கையால் மாற்றினால்தான் மணி அடிக்கும் என்று அவள் வேறு ஒரு சட்டம் போட்டு வைத்திருந்தாள்.

செய்தியைத் தவிர எதையும் பார்க்காதவர், இப்போது கார்ட்டூன் நேரத்தில் நாற்காலியை டிவிக்கு முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். ஒருநாள் அந்த நேரம் பார்த்துக் கோயில் கமிட்டி சிவசம்பு வந்துவிட்டார்.

“பிள்ளைக்காகப் போட்டிருக்கு,” என்றார் விநாயகமூர்த்தி அவசரமாக.

பிள்ளை பக்கத்து வீட்டில் இருந்தாள். சிவசம்பு அதைக் கேட்கவும் இல்லை. வந்த விஷயத்தை மறந்து உட்கார்ந்தவர், பொம்பா தீயை அணைத்து முடித்த பிறகுதான் எழுந்தார்.

சந்திரகலாவுக்கு இதிலெல்லாம் சிரிப்பு வரவில்லை. ஜனவரி வந்தால் மகள் பெரிய பள்ளியில் முதலாம் ஆண்டுக்குப் போக வேண்டும். பொடிசுகள் செய்வதை இவளால் செய்ய முடியவில்லையே, மூளை மந்தமோ? போதாக்குறைக்கு, முடியாத மனிதரைப் போட்டுப் படுத்துகிறாள்.

மறுநாள் பாலர் பள்ளி விடுவதற்கு முன்பே போய் நின்றாள்.

“டீச்சர், மறைக்காம சொல்லுங்க. என் மக கொஞ்சம் ஸ்லோவா?”

மார்க்கிரட் டீச்சர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார். “யாரு, ஷாமினியா? அங்க பாருங்க லா.”

சந்திரகலா எட்டிப் பார்த்தாள். ஷாமினியைச் சுற்றி ஒரு கூட்டம். ஆளுக்கொரு ரோபோவை நீட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் யாரோடோ கதை பேசியபடியே, கையைக் கூடப் பார்க்காமல், ஒவ்வொன்றாக வண்டியாக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். வகுப்பு முழுக்க ஒரே மணிச் சத்தம்.

“கிளாஸ்ல அவதான் மெக்கானிக். எனக்கே அவதான் சொல்லிக் கொடுத்தா,” என்றார் டீச்சர்.

வீட்டுக்கு நடக்கும்போது சந்திரகலாவால் பொறுக்க முடியவில்லை.

“தெரியலன்னு ஏண்டி பொய் சொன்னே?”

ஷாமினி முன்னும் பின்னும் பார்த்துக்கொண்டாள்.

“சத்தமா பேசாதீங்கம்மா. அப்பப்பா கையை அசைச்சுக்கிட்டே இருக்கணும்னு ஆஸ்பத்திரி நர்ஸ் மிஸ்ஸி சொன்னாங்கல்ல? அவரு பந்தைத் தூக்கிப் போட்டுட்டாரு. எனக்குத் தெரியலன்னு சொன்னாத்தான் இதைச் செய்வாரு.”

சந்திரகலாவுக்கு, இந்தப் பிள்ளையையா மந்தம் என்று நினைத்தோம் என்று வெட்கமாக இருந்தது.

“அவ்வளவு திட்டினேனே, என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?”

“நீங்க போய் அவருகிட்ட சொல்லிடுவீங்க.”

கேட் அருகே வந்ததும் ஷாமினி பக்கத்து வீட்டுப் பூனையைக் கண்டு நின்றுவிட்டாள். சந்திரகலா மட்டும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். ஹால் வாசலில் அவள் கால் நின்றது.

விநாயகமூர்த்தி இடது கையில் பேப்பரைப் பிடித்துப் படித்துக்கொண்டிருந்தார். வலது கையும் சும்மா இல்லை. மடியில் கிடந்த ரோபோவை டக்கென்று வண்டியாக்கியது. டக்கென்று மறுபடி ரோபோவாக்கியது. நடுக்கம் மருந்துக்கும் இல்லை. மணி வெளியே கேட்காதபடி கட்டைவிரல் அதை அமுக்கிக்கொண்டிருந்தது.

“அப்பப்பா!” என்று வாசலில் குரல் கேட்டது.

பேப்பர் கீழே விழுந்தது. வலது கை மடியில் துவண்டு, நன்றாக நடுங்கத் தொடங்கியது. அப்போதுதான் அவர் மருமகளைப் பார்த்தார்.

“மாமா... உங்க கை...”

விநாயகமூர்த்தி வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“அவளிட்டைச் சொல்லிப்போடாதை, பிள்ளை. கை சுகமாப்போச்சு எண்டு தெரிஞ்சால், அவள் வேறை ஆருக்காவது வைத்தியம் பாக்கப் போயிடுவாள்.”