ஒற்றைப் பாதாம் மரம்

"பாதாம் ஒத்தையா நின்னா காய்க்காதும்மா. பக்கத்துல வேற ரகம் ஒண்ணு பூக்கணும், தேனீ அங்கயும் இங்கயும் போய் வரணும்" என்று நாற்றுப்பண்ணைக்காரர் சொன்னதால்தான் ரெஜினா இரண்டு ரகத்திலும் ஒவ்வொரு கன்று சொல்லிவைத்தாள். எடுத்துவரப் போன அவள் கணவன் தேவசகாயம் ஒரு கன்றோடு திரும்பினான். மற்றது வழியிலேயே பட்டுப்போயிற்றாம். நட்ட ஒன்று நாலாம் வருஷம் பூத்தது. பூவோடு சரி என்றுதான் இருந்தாள். கிளைக்குக் கிளை பச்சைப் பிஞ்சு விட்டது. அந்த மலையூரில் வேறு பாதாம் மரத்தை அவள் கண்டதே இல்லை.

"எப்படிங்க காய்ச்சுது?"

"கர்த்தர் குடுக்கறதுக்குக் காரணம் கேப்பியா?"

அடுத்த பூப்பில், காலை வெயில் ஏறியதும் ரெஜினா மரத்தடியில் மேற்குப் பார்க்க நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். தேனீக்கள் மேற்குச் சுவரைத் தாண்டி வந்தன, அதே சுவரைத் தாண்டிப் போயின. அதற்கு அப்பால் சரிவில் ஒரே ஒரு வீடுதான், ஒரு பெண் தனியாக இருக்கும் வீடு.

தேவசகாயம் காபியோடு வந்தான். என்ன பார்க்கிறாய் என்று கேட்கவில்லை. அவளை எழுப்பி, நாற்காலியைக் கிழக்குப் பார்க்கத் திருப்பிப் போட்டான்.

"மூஞ்சில வெயில் அடிச்சுதே, அதான்" என்றான்.

வெயில் இப்போதுதான் அவள் முகத்தில் அடித்தது.