இடது விலா

டாக்டர் இடது விலாவில் ஒரு விரலை வைத்து அழுத்தினார். தனக்கோடி "ஐயோ" என்று துள்ளிவிட்டாள்.

"அழுத்துனா வலிக்குதுல்ல? அப்ப இது ஹார்ட் இல்லம்மா. ஈசிஜியும் நல்லா இருக்கு. விலா எலும்பு சேர்ற இடத்துல வீக்கம், அவ்வளவுதான். வெயிட் தூக்காம இருங்க, தானா சரியாயிடும்."

வீட்டில் மகன் ரவீந்திரன் அவள் விட்டுப்போன அதே பக்கமாகப் படுத்திருந்தான். விபத்துக்குப் பிறகு அவனுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை.

"என்னம்மா சொன்னாரு?"

"வாயுப் பிடிப்பாம். கையப் போடு."

வழக்கம்போல் இரண்டு கைகளையும் அவள் கழுத்தில் கோர்த்துக்கொண்டான். தூக்கியபோது அவன் நெஞ்சு அதே விலாவில் அழுந்தியது. மூச்சை அடக்கிக்கொண்டு அவனை நாற்காலியில் உட்காரவைத்தாள். முகத்தைத்தான் மறைக்க முடியவில்லை.

மத்தியானம் பாதிச் சோற்றில் அவன் தட்டைத் தள்ளினான்.

"போதும்மா. நான் ரொம்ப கனத்துட்டேன்."

"பேசாம சாப்பிடுடா" என்று அதட்டினாள். அவன் தொடவில்லை. மீந்த சோற்றில் தண்ணீரை ஊற்றி மூடி வைத்தாள்.

ராத்திரி அவன் தட்டில் அவளே பாதிதான் போட்டாள்.