புதுநன்மைக் கவுன்

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், மூலக்குளத்தில் எங்கள் தெருவுக்குக் காலை ஏழரை மணி என்றால் அது ஈனெஸின் அலறல்தான். நீண்ட ஓர் 'ஆ'. அது உடைந்து விக்கல். அப்புறம் பள்ளிக்கூட வேனின் ஹாரன்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் அந்தச் சத்தம் இருக்காது.

"பள்ளிக்கூடம் போமாட்டேங்குதுன்னு போட்டு அடிக்கிறா" என்றது தெரு. "புருஷன் ஃபாபிரிஸ் பிரெஞ்சுப் பட்டாளத்துல சொல்தாவா இருக்கான். வருஷத்துக்கு ஒரு தடவ வரான். கேக்க ஆளில்ல. எட்டு வயசுப் பொண்ணு, பாவம்."

ஈனெஸின் அம்மா கிளோதின் யாருக்கும் பதில் சொன்னதில்லை. வாசலைக் கூட்டுவாள். உள்ளே போவாள். தையல் மெஷின் ஓடும்.

ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் ஈனெஸ் என் மாணவி. அந்த மே மாதம் அவளுக்குப் புதுநன்மை. முதன்முதலாக நற்கருணை அப்பம் வாங்கும் நாள். வெள்ளைக் கவுன் தயாரா என்று கேட்க, ஒரு மாலை அவர்கள் வீட்டுக்குப் போனேன். மற்றப் பிள்ளைகளுக்கெல்லாம் லேஸும் சாட்டினுமாகக் கடையில் வாங்கியாகிவிட்டது. கிளோதின் மேஜைமேல் வெள்ளைப் பனியன் துணியை விரித்திருந்தாள்.

"பனியன் துணியிலயா கிளோதின்?"

"இழுத்தா வரும், விட்டா அடங்கும் டீச்சர். ஜிப்பு வேணாம், பட்டன் வேணாம். தலவழியா மாட்டுனா ஆச்சு."

பழைய காலண்டர் தாள்களை ஒட்டி வெட்டிய ஒரே அளவு மாதிரி. மகளின் எல்லா உடுப்பும் அதில்தான். கையைக் குட்டையாகவோ நீட்டமாகவோ விடலாம். கழுத்தை வட்டமாக்கலாம், அகலமாக்கலாம். முழங்காலோடு நிறுத்தினால் வீட்டுக்கு, கணுக்கால் வரை விட்டால் கோயிலுக்கு.

"நீயே சொல்லு கண்ணு. கை எதுவரைக்கும்?"

"முழங்கை வரைக்கும்."

"கழுத்து?"

"வட்டம். அம்மா, பாக்கெட்டு!"

"புதுநன்மைக் கவுனுக்கு யாராச்சும் பாக்கெட்டு வெப்பாங்களாடி?"

"அப்ப செபமாலைய எங்க வெக்கிறது? ஒன் தலையிலயா?"

கிளோதின் சிரித்துக்கொண்டே மெஷினில் உட்கார்ந்தாள். துணியை இழுக்காமல், அதன் போக்கில் ஊசிக்குக் கீழே விட்டாள். "இழுத்துத் தெச்சா ஓரமெல்லாம் அலையலையா நின்னுடும் டீச்சர்."

அடிக்கிற அம்மாவிடம் ஒரு பிள்ளை இப்படி வாயாடுமா என்று நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

புதுநன்மை அன்று காலை, கோயிலை ஒட்டிய அறையில் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திக்கொண்டிருந்தேன். ஈனெஸைப் பார்த்ததும் திக்கென்றது. தோளிலும் விலாவிலும் தையல் விளிம்பு வெளியே தெரிந்தது. கவுனை உள்பக்கம் வெளியே வர மாட்டிவிட்டிருக்கிறாளே! பக்கத்துப் பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள்.

கிளோதின் மற்றப் பெற்றோர்களோடு கோயிலுக்குள் உட்கார்ந்திருந்தாள். பூசைக்கு இன்னும் பத்து நிமிஷம்தான். ஈனெஸைத் திரைக்குப் பின்னால் கூட்டிப்போனேன்.

"வேணாம் டீச்சர். இதான் நேர்ப்பக்கம்."

"ஷ்... ஒரு நிமிஷம் இரும்மா."

கவுனை உருவி, புரட்டி, மறுபடி மாட்டிவிட்டேன். பனியன் துணி, சுலபமாகத்தான் வந்தது. பாக்கெட்டு உள்ளே போய் மறைந்துவிட்டது. அதைக்கூட நான் கவனிக்கவில்லை.

அப்போது அந்தச் சத்தம் கேட்டது. ஏழரை மணிச் சத்தம். நீண்ட 'ஆ', உடைந்து விக்கல்.

கிளோதின் ஓடிவந்தாள். கவுனைக் கழற்றினாள். தையல் வெளியே வரும்படி புரட்டி மாட்டினாள். குழாயை மூடினாற்போல அழுகை நின்றது.

"தையல் ஒடம்புல பட்டா தாங்கமாட்டா டீச்சர்" என்றாள், மூச்சு வாங்க. "முள்ளு குத்துறாப்புல இருக்குமாம். அதான் எல்லாத்தையும் நானே இப்பிடித் தெச்சிப் போடறேன். யூனிஃபார்ம மட்டும் நேராத்தான் போடணும்னு பள்ளிக்கூடத்துல சொல்லிட்டாங்க."

அதற்குள் அறை வாசலில் கூட்டம். முன்னால் நின்றவள் பிலோமின், எங்கள் தெருக்கோடி வீட்டுக்காரி.

"என்னா சத்தம்? பிள்ளைய யார் என்னா பண்ணது?"

முப்பது வருஷமாக அந்தக் கோயிலில் மறைக்கல்வி சொல்லித்தருகிறவள் நான். வாய் திறக்கவில்லை.

கிளோதின் என்னைப் பார்த்தாள். பிறகு அவர்களைப் பார்த்தாள்.

"நான்தான் ஒண்ணு வெச்சேன். சொன்ன பேச்சு கேக்கல."

"நல்ல நாளும் அதுவுமா! கோயில்லகூடவா? நீயெல்லாம் ஒரு தாயா?"

முணுமுணுத்துக்கொண்டே கூட்டம் கலைந்தது. ஈனெஸ் தரையில் விழுந்து கிடந்த செபமாலையை எடுத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, வரிசையில் தன் இடத்தில் போய் நின்றாள்.

"ஏன் கிளோதின் அப்படிச் சொன்னே?" என்றேன்.

"எனக்குத்தான் ஏற்கெனவே அந்தப் பேரு இருக்கே டீச்சர். ஒங்களுக்கு எதுக்குப் புதுசா?"

மணி அடித்தது. அவள் உள்ளே போய்விட்டாள்.

அந்தப் பேரைத் தெருவில் முதன்முதலாகச் சொன்னவள் நான். ஒரு காலை ஏழரை மணிக்கு, சன்னலோரம் நின்று, பிலோமினிடம்.

அதைக் கிளோதினிடம் சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு ஞாயிறும் நினைத்துக்கொண்டிருந்தேன். போன தை மாதம் அவள் இறந்துபோனாள்.