முதல் தடவைக்கு மூன்று அடி

"பார்த்து! அந்தக் கல்லுல காலை வை. பயப்படாதே, நான் இருக்கேன்ல" என்றான் கோராஸ்த். பாறையில் அடித்திருந்த இரும்புக் கம்பியை இரண்டு கையாலும் இறுகப் பிடித்திருந்தவன் அவன்தான்.

"சரிங்க குருவே!" என்று சிரித்தாள் மனைவி யெர்னேயா.

த்ரிக்லாவ் மலை ஏறாதவனுக்குப் பெண் கிடையாது என்று அவள் அப்பா கறாராகச் சொன்னபோது, "நாலு தடவை ஏறியிருக்கேன்" என்று சொல்லித்தான் கோராஸ்த் அவளைக் கைப்பிடித்தான். அதற்கும் இருபது வருடமாகிவிட்டது.

"முதல் தடவை உச்சிக்கு வர்றவங்களுக்குப் பின்பக்கம் மூணு கயித்தடி. ஞாபகம் இருக்கில்ல?"

"யார் அடிப்பாங்க?"

"ஏற்கெனவே ஏறினவங்க. வேற யாரு, நான்தான்!"

உச்சியின் வெள்ளைச் சுண்ணாம்புப் பாறையை அடைந்ததும் யெர்னேயா பையிலிருந்து ஒரு பழைய கயிற்றை எடுத்தாள். கோராஸ்த் ஆசையாய்க் கை நீட்டினான். அவள் கொடுக்கவில்லை.

"குனி."

"நானா?"

"நீ கேட்டதே இல்லை, நான் அப்பாவோட ஆறு தடவை வந்தாச்சு. உனக்கு ஏணியில ஏறினாலே தலை சுத்தும்னு உங்கம்மா அப்பவே எங்க வீட்ல சொல்லிட்டாங்க."

கோராஸ்த்தின் முகம் வெளுத்தது. "உங்கப்பாவுக்கும் தெரியுமா?"

"'பொய்யை என் பொண்ணுக்காகத்தானே சொன்னான், என்னிக்காவது மேலே கூட்டிட்டுப் போ'ன்னு கல்யாணத்தன்னிக்கே இந்தக் கயித்தைக் கொடுத்ததே அவர்தான். ம், குனி!"