காயாத சுவர்

"தோள்பட்டை இறங்கிடுச்சுன்னா நான்தான் உங்களைத் தூக்கிட்டுப் போகணும், அங்கிள். மெஷினைப் பிடிங்க லா!" என்றான் மேற்பார்வையாளன் ஆரிஃப்.

"மெஷின் சிமெண்டோட செங்கல்லையும் பேத்துடும்பா. என் தோளுக்குத் தைலம் இருக்கு. செங்கல்லுக்கு இருக்கா?"

அறுபத்தெட்டு வயது கொத்தனார் ஜார்ஜ் உளியை வைத்துத் தட்டினார். உள்ளங்கையளவு பூச்சு உதிர்ந்தது. உள்ளே செங்கல் நமுத்துப் போயிருந்தது.

சிராங்கூன் சாலையை ஒட்டிய சந்தில் பதினெட்டு வருஷமாகப் பூட்டிக் கிடந்த கடைவீடு அது. பக்கத்தில் நின்ற கதீஜா, பார்த்த வேலையை விட்டுவிட்டு அங்கே சாப்பாட்டுக் கடை போட வந்திருந்தாள். சுவர் காய்ந்தால்தான் கடை திறக்க அனுமதி. அவள் வருகிறாள் என்று எதிர்வரிசையில் மூடிக் கிடந்த இரண்டு கடைகளுக்கும் ஆள் வந்தாயிற்று.

"இது எங்க வாப்பா துணிக்கடை வச்சிருந்த இடம், அங்கிள். ஒரு கொத்தன் சுண்ணாம்புச் சுவர்ல சிமெண்டைப் பூசிட்டான். ஈரம் வெளியே வர வழியில்லாம, துணியெல்லாம் பூஞ்சை பூத்துக் கடையே போச்சு. அப்புறம் வந்தவங்களும் நிலைக்கலை. அவனுக்கு யாரும் வேலை குடுக்காதீங்கன்னு வாப்பா இந்த வட்டாரம் முழுக்கச் சொல்லிட்டாங்க. மவுத்தாகுற வரைக்கும் அவனைத் திட்டினாங்க."

"திட்டத்தான் செய்வாங்க" என்றார் ஜார்ஜ். உளி நிற்கவில்லை.

நாலு மாதம். சிமெண்டை முழுக்கக் கையாலேயே பெயர்த்தார். உளுத்த செங்கல்லை ஒவ்வொன்றாக மாற்றினார். சுண்ணாம்புச் சாந்தை மெல்லிசாகப் பூசி, காயவிட்டு, மறுபடி பூசினார். ஆரிஃபே மெஷினை மூட்டை கட்டிவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்து வேலை கற்றுக்கொண்டான்.

அதிகாரி ஈரமானியை வைத்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். கதீஜா ஓடிவந்தாள்.

"பாஸ் ஆயிடுச்சு, அங்கிள்! நோன்புப் பெருநாளைக்கு முன்னாடி திறக்கிறோம். நீங்கதான் கதவைத் திறக்கணும்."

கரணையைக் கழுவிக்கொண்டிருந்த ஜார்ஜ் நிமிரவில்லை.

"வேணாம்மா. உங்க வாப்பா திட்டினது என்னைத்தான்."

ஜார்ஜ் கரணையைத் துடைத்துக் கீழே வைத்தார்.

"சுண்ணாம்புதான் பூசணும், காய ரெண்டு மாசம் ஆகும்னு மூணு நாள் மல்லுக்கு நின்னேன். பெருநாள் வியாபாரம் போயிடும், சிமெண்டைப் பூசுன்னுட்டாங்க."

அந்தப் பெருநாளுக்குப் புதுச்சட்டையோடு, பூசிக் காயாத சுவரில் கைவைத்து வாப்பாவிடம் அடிவாங்கியது ஒன்பது வயதுக் கதீஜாவுக்கு நினைவிருந்தது. வாப்பா கேட்காமல் போன மன்னிப்பு, இப்போது அவள் தலையில் பாக்கி.